பதினொரு பச்சைக் கட்டங்கள்

மாங்காடு
9 ஜூன் 2025

என்னங்க,

இந்தக் கடிதத்தைப் பிரிப்பீர்களா, அப்படியே மேசை இழுப்பறையில் தள்ளுவீர்களா, தெரியாது. பிரிப்பீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். போன் எதற்கு இருக்கிறது என்று கேட்காதீர்கள். நீங்கள் தெலங்கானாவில் மேடக்குக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போன இந்தப் பதினான்கு மாதத்தில் ஆறு தடவை பேசியிருக்கிறோம். ஆறு தடவையும் மூன்று நிமிடம் தாண்டவில்லை. நான் "அதில்லைங்க" என்று ஆரம்பித்தால் நீங்கள் "சரி, வைக்கிறேன்" என்பீர்கள். கடிதத்தில் அந்த வசதி உங்களுக்குக் கிடையாது.

முதலில் செய்தி. எங்கள் ஆஸ்பத்திரியில், நான் பத்தொன்பது வருஷமாக நர்ஸாக நிற்கிற அதே எண்டோஸ்கோப்பி ரூமில், புதிதாக ஒரு மெஷின் வந்திருக்கிறது. ஏஐ என்கிறார்களே, அது. நம் பழைய டிவிடி பிளேயர் அளவுதான் பெட்டி. டாக்டர் மணவாளன் பெருங்குடலுக்குள் கேமராக் குழாயை விட்டு, மெதுவாக வெளியே இழுத்துக்கொண்டே திரையில் பார்ப்பார் அல்லவா, அந்தப் படத்தை இதுவும் கூடவே பார்க்கிறது. குடல் சுவரில் பாலிப் மாதிரி ஏதாவது தெரிந்தால், அதாவது பின்னால் கேன்சராக மாறக்கூடிய சின்னச் சதை வளர்ச்சி தெரிந்தால், உடனே அதைச் சுற்றித் திரையில் பச்சைக் கட்டம் போடும். "டிங்" என்று ஒரு சத்தமும் வரும். அது பாலிப்பா இல்லையா என்று முடிவு செய்வது டாக்டர்தான். இது "இங்கே ஒரு தரம் பாருங்கள்" என்று தோளைத் தட்டும், அவ்வளவுதான்.

முதல் நாள் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஓர் ஆட்டோக்காரர் வந்தார். ஊசி போட்டும் முழுசாகத் தூங்கவில்லை. டிங் என்றதும் பாதிக் கண்ணைத் திறந்து, "இன்னா சிஸ்டர், உள்ள யாரோ காலிங் பெல் அட்ச்சிகினு கீறாங்க, போய் கதவத் தொறங்க" என்றார். டாக்டர் சிரித்த சிரிப்பில் கேமராவே ஆடியது. எனக்கு உடனே அதை உங்களிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. சாயங்காலம், குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வந்த இந்த வாடகை பிளாட்டுக்கு வந்து பூட்டைத் திறந்த பிறகுதான், சொல்வதற்கு ஆளில்லை என்பது உறைத்தது. இப்படித் தினமும் ஏதாவது ஒன்று மிஞ்சிப்போகிறது. சட்டியில் மிஞ்சினால் பிரிட்ஜில் வைக்கலாம், இதை எங்கே வைப்பது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு ஐம்பத்தொன்று முடிந்துவிட்டது. உங்கள் அண்ணன் பூபாலன் மாமா பெருங்குடல் கேன்சரில் போனவர். கூடப் பிறந்தவர்கள் தள்ளிப்போடாமல் உள்ளே பார்த்துவிட வேண்டும் என்று டாக்டர் அப்போதே சொன்னார். நீங்கள் ஊரை விட்டே போனீர்கள்.

மாமாவின் பதினாறாம் நாள் காரியத்தில், இலை போட்டு எல்லாரும் உட்கார்ந்த நேரத்தில், நீங்கள் என்னைப் பார்த்துக் கேட்டீர்கள். "ஒண்ணரை வருஷம் முன்னாடி உங்க ரூம்லதானே அண்ணனுக்கு உள்ள பார்த்தாங்க. ஒண்ணுமில்லேன்னு அனுப்புனீங்க. நீ பார்த்துக்கிட்டுதானே நின்ன?" அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அதோடுதான் தூங்குகிறேன், எழுகிறேன்.

கோபம் இருக்கட்டும். கோபத்தோடேயே வந்து அந்த மேசையில் படுங்கள். இன்னொரு பதினாறாம் நாளில் இலை போட என்னால் முடியாது.

உங்கள் நீலக் கட்டம் போட்ட சட்டை என்னிடம்தான் இருக்கிறது. காலையில் காய் நறுக்கும்போது நைட்டிக்கு மேல் போட்டுக்கொள்கிறேன்.

லோகு

*

மேடக்
21 ஜூன் 2025

லோகநாயகிக்கு,

கடிதம் வந்தது. பிரித்தேன்.

இருபத்தாறு வருஷமாக என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். ஆவடி பாக்டரியிலும் அதுதான், இங்கே மேடக் பாக்டரியிலும் அதுதான். வெல்டிங் செய்த இடத்தை எக்ஸ்ரே எடுத்து, படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பது. உள்ளே முடி அளவு விரிசல் இருந்தாலும் படத்தில் கோடாக விழும். விழுந்ததைக் கவனிக்காமல் முத்திரை குத்தினால் என்னைத்தான் பிடிப்பார்கள், படத்தைப் பிடிக்க மாட்டார்கள். உங்கள் ரூமில் மட்டும் எப்படி யாரையும் பிடிப்பதில்லை என்று புரியவில்லை.

கட்டம் போடுகிற மெஷின் இப்போது வந்து என்ன. அண்ணனுக்கு வந்திருக்க வேண்டும்.

ஒன்று கேட்கிறேன். பரிசோதனைகளை எல்லாம் வீடியோ எடுத்து வைப்பீர்கள் என்று சொல்லியிருக்கிறாய். அண்ணனுக்கு எடுத்தது 2022 ஆகஸ்ட் 18, வியாழக்கிழமை. அந்த வீடியோவை உங்கள் புது மெஷினில் ஓட்டு. கட்டம் வருகிறதா, எங்கே வருகிறது என்று எழுது. வந்தால், அன்றைக்கே கண் முன்னால் இருந்திருக்கிறது என்று அர்த்தம். யார் மேல் தப்பு என்று தெரிந்துவிடும். அது தெரியாமல் நான் அந்த ரூமுக்குள் காலை வைக்க மாட்டேன்.

இங்கே மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. சமையல் நானேதான். ரசம் வைத்தால் புளித்தண்ணீராக வருகிறது. என்ன விட்டுப்போகிறது என்று தெரியவில்லை. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது. அந்த பிளாட்டில் லிப்ட் இருக்கிறதா, படி ஏறுகிறாயா.

சட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன். நீயே வைத்துக்கொள்.

பால்ராஜ்

*

மாங்காடு
8 ஜூலை 2025

என்னங்க,

"லோகநாயகிக்கு" என்று முழுப்பெயர் போட்டதைப் பார்த்ததும் ரேஷன் கடையில் கூப்பிட்ட மாதிரி இருந்தது. பரவாயில்லை, கடைசி நாலு வரிக்காக மன்னித்தேன். ரசத்துக்குப் பூண்டைத் தட்டிப் போடுங்கள், மிளகுசீரகம் கடைசியில். கொதிக்க விடாதீர்கள், நுரை கட்டியதும் இறக்குங்கள். லிப்ட் இருக்கிறது, வாரத்தில் நாலு நாள் ஓடும்.

நீங்கள் கேட்டபடி செய்துவிட்டோம். டாக்டரிடம் சொன்னேன். அவர், உங்கள் அண்ணி சுலோசனா அக்காவிடம் சம்மதம் எழுதி வாங்கி வரச் சொன்னார். வேப்பம்பட்டுக்குப் போய் வாங்கி வந்தேன். எதற்கு என்று அக்கா கேட்கவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டு எனக்கு ஒரு கட்டு முருங்கைக்கீரை கொடுத்தார்கள். மெஷினைப் பொருத்திய ஆசிக் என்ற இன்ஜினியர் பையன் வந்து, பழைய பதிவை அதில் ஓட்டினான்.

கட்டம் வந்தது. ஓர் இடத்தில் இல்லை, பதினொரு இடத்தில். எல்லாம் வலது பக்கக் குடலில். பிற்பாடு மாமாவுக்குக் கேன்சர் வந்த அதே பக்கம்.

அந்தக் கட்டங்களைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். நேரில் வாருங்கள், சொல்கிறேன். ஆனால் யார் மேல் தப்பு என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் எழுதுகிறேன். என் மேல்.

அன்றைக்கு டாக்டர் ரிப்போர்ட்டில் கடைசியாக ஒரு வரி எழுதியிருந்தார். "குடல் சரியாகச் சுத்தமாகவில்லை, வலது பக்கம் முழுதாகத் தெரியவில்லை, ஆறு மாதத்துக்குள் மறுபடி பார்க்கவும்." பதிவு ஓடும்போது பார்த்தேன், அந்த இடம் முழுக்கக் கலங்கல். அன்றைக்கு நின்றுகொண்டிருந்தபோதே எனக்கு, இன்னொரு தடவை தண்ணீர் அடித்துக் கழுவிப் பார்க்கலாமே என்று தோன்றியது. வாயைத் திறக்கவில்லை. டாக்டருக்குச் சொல்ல நாம் யார் என்ற நினைப்பு.

அதைவிடப் பெரிய தப்பு வெளியே வந்த பிறகு. மாமா சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என் கையைப் பிடித்தார். "இன்னாமா, எதுனா கீதா? மறைக்காம சொல்லு" என்றார். அவ்வளவு பெரிய ஆள் பயப்படுவதைப் பார்க்க முடியாமல், "ஒண்ணுமில்ல மாமா, நல்லாருக்கு, போய் வயிறு நெறைய சாப்பிடுங்க" என்றேன். கடைசி வரியை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று ரிப்போர்ட்டைக் கவரில் போட்டேன். ஆறு மாதம் கழித்துச் சொன்னேன். "நீதானம்மா நல்லாருக்குன்ன" என்று சிரித்தார். நானும் விட்டுவிட்டேன்.

இதைப் பதினாறாம் நாளன்றே எல்லார் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீங்கள் போய்விடுவீர்கள் என்று பயந்தேன். சொல்லாமலே போய்விட்டீர்கள்.

உங்கள் நிபந்தனை முடிந்துவிட்டது. தப்பு யாருடையது என்று தெரிந்துவிட்டது. இனி வரலாம்.

வெள்ளிக்கிழமை தோறும் காமாட்சி அம்மன் கோயிலில் உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்கிறேன். "சார் வரலியாம்மா?" என்று குருக்கள் கேட்கிறார். "ஷிப்ட்" என்கிறேன். பதினைந்து மாதமாக உங்களுக்கு ஒரே ஷிப்ட்.

லோகு

*

மேடக்
2 ஆகஸ்ட் 2025

லோகு,

உன் கடிதம் ஜூலை பதினான்காம் தேதியே வந்துவிட்டது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

நீ கெட்டிக்காரி. ஆனால் நான் படம் பார்க்கிறவன். ஒரு வெல்டிங் படத்தில் ஓர் இடத்தில் குறி விழுந்தால் அது விரிசல். ஒரே பக்கத்தில் பதினொரு குறி விழுந்தால் அது விரிசல் இல்லை. படத்தில் அழுக்கு. எங்கள் பிரிவில் நேற்று சேர்ந்தவனுக்கும் இது தெரியும். பதினொரு பாலிப் இருந்திருந்தால் எந்தக் கலங்கலிலும் டாக்டர் ஒன்றையாவது பார்த்திருப்பார். அப்படியானால் மெஷின் கட்டம் போட்டது எதற்கு என்று யோசித்தேன். யோசிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எனக்கு முன்னாலேயே தெரியும்.

அது கொய்யா விதை. இல்லையா?

நீ அதைப் பார்த்ததும் புரிந்துகொண்டாய். ஆவடி குவார்ட்டர்ஸில் நம் கொல்லையில் நின்ற மரத்தைத் தவிர அண்ணனுக்குக் கொய்யா எங்கிருந்து வரும். புரிந்துகொண்டும் எனக்கு எழுதவில்லை. தப்பெல்லாம் உன்னுடையது என்று எழுதி என்னைக் கூப்பிடுகிறாய்.

பரிசோதனைக்கு மூன்று நாள் முன்னாலிருந்தே விதை இருக்கிற பழம், காய் எதுவும் கூடாது என்று நீ எழுதிக் கொடுத்தாய். முந்தின நாள் முழுக்க இளநீர், வடிகட்டிய கஞ்சித் தண்ணீர், அவ்வளவுதான் என்றாய். நீ டியூட்டிக்குப் போனாய். நாலு மணிக்கு, மறுநாளுக்காக நம் வீட்டில் வந்து தங்கியிருந்த அண்ணன் கொல்லைப்பக்கமாக வந்தார். "ஏண்டா, உம் பொண்டாட்டி என்னக் கொலப் பட்டினி போட்டுட்டா. கண்ணு இருட்டுது" என்றார். மரத்தைப் பார்த்தார். பழம்தானே, சோறா என்று நினைத்தேன். நாலு பறித்து, உப்பும் மிளகாய்த்தூளும் வைத்துக் கொடுத்தேன்.

இதுவரை நீ கண்டுபிடித்திருப்பாய். மீதியை எந்த மெஷினும் காட்டாது. நானே எழுதுகிறேன்.

ராத்திரி அந்தப் பேதி மருந்தை இரண்டு லிட்டர் குடிக்க வேண்டும். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு லிட்டருக்கு மேல் அவருக்கு இறங்கவில்லை, குமட்டினார். "மீதிய ஊத்திடுடா. குடிச்சிட்டேன்னு சொல்லிடு" என்றார். அந்தக் கொய்யா மரத்தடியிலேயே ஊற்றினேன். மறுநாள் காலையில் நீ கேட்டாய், "முழுசா குடிச்சாரா?" "குடிச்சாரு" என்றேன்.

குடல் ஏன் கலங்கலாக இருந்தது என்று அந்த வீட்டில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பதினாறாம் நாள் எல்லாரும் அழுதபோது, யாராவது என்னைக் கேட்டுவிடுவார்கள் போலிருந்தது. அதற்குள் நான் உன்னைக் கேட்டுவிட்டேன்.

நீ இருக்கிற வீட்டில் இருக்க எனக்கு முகமில்லை, லோகு. மாற்றல் அதற்காகத்தான். உன் மேல் கோபம் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தது எனக்கு வசதியாக இருந்தது.

இனி நீ எழுதாவிட்டாலும் எனக்குப் புரியும்.

பால்ராஜ்

*

மாங்காடு
16 ஆகஸ்ட் 2025

என்னங்க,

எழுதாவிட்டாலும் புரியும் என்று நீங்களே முடிவு கட்டிக்கொள்ள வேண்டாம். இரண்டு நாள் உங்கள் மேல் நல்ல கோபம் இருந்தது. கொய்யாவுக்கு இல்லை. அதை மெஷின் காட்டியபோதே அழுது முடித்துவிட்டேன். திரை முழுக்க ஒவ்வொரு விதையைச் சுற்றியும் பச்சைக் கட்டம், டிங் டிங் என்று சத்தம். ஆசிக், "சாரி சிஸ்டர், விதையப் போய் காட்டுது, இதுக்கு இன்னும் பழகணும்" என்று சங்கடப்பட்டான். நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். மாமா நாலு பழத்தைத் தின்றபோது நீங்கள் எப்படிப் பக்கத்தில் நின்று பார்த்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாதா.

கோபம், அந்த "குடிச்சாரு" என்ற ஒரு வார்த்தைக்கு. என்னிடம் சொல்லியிருந்தால் அன்றைக்குப் பரிசோதனையையே தள்ளிவைத்திருப்பேன். அதற்கப்புறம், பதினாறாம் நாள் எல்லார் முன்னாலும் என்னை நிறுத்தினீர்களே, அதற்கு. மூன்றாம் நாள் காலையில் காய் நறுக்கும்போது பார்த்தேன், உங்கள் சட்டையின் கை முழங்கை வரை மடிந்திருந்தது. நீங்கள் மடிக்கிற மாதிரியே மடித்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். அதோடு கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் இருக்கிறது. நேரில் போட வேண்டிய சண்டைக்காக வைத்திருக்கிறேன்.

டாக்டரிடம் நேராகவே கேட்டேன். குடல் சுத்தமாக இருந்திருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருக்கலாமா என்று. "தெரியாது சிஸ்டர்" என்றார். "இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். அழுக்குக்கு அடியில் இருப்பதை நானும் பார்க்க முடியாது, இந்தப் பெட்டியும் பார்க்க முடியாது. கேமரா காட்டுவதைத்தான் அது பார்க்கும்." தெரியாது என்பதுதான் நமக்குக் கிடைத்த பதில். அதை நீங்கள் அங்கே ஒரு பாதி, நான் இங்கே ஒரு பாதி என்று தூக்கிக்கொண்டு அலைவதை விட, ஒரே வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

பக்கத்திலேயே ஐதராபாத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லாதீர்கள். எந்த ஊரானாலும் அந்தப் படிவத்தில் "உடன் வருபவர்" என்று ஒரு இடம் இருக்கும். ஆள் இல்லாமல் உள்ளே எடுக்க மாட்டார்கள். அங்கே யார் பெயரை எழுதுவீர்கள்?

பரிசோதனைக்கு முன்னால் நாங்கள் கொடுக்கிற உணவுத் தாளைப் புதிதாக அச்சடிக்கக் கொடுத்திருக்கிறார்கள். கூடாதவை பட்டியலில் பொதுவாக "விதை உள்ள பழங்கள்" என்றுதான் இருந்தது. நான் அதை அடித்துவிட்டு "கொய்யா" என்று முதலில் எழுதினேன். அதோடு, "கொஞ்சம்தானே என்று தர வேண்டாம்" என்று ஒரு வரி. ஒரு தாள் இதோடு வைத்திருக்கிறேன்.

லோகு

*

மேடக்
30 ஆகஸ்ட் 2025

லோகு,

தாள் வந்தது. சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

செப்டம்பர் 14 வருகிறேன். 18 வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கு. பதினைந்து நாள் லீவு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. நீ சொன்ன படிவத்தை ஆஸ்பத்திரி இணையதளத்தில் எடுத்து நிரப்பினேன். உடன் வருபவர் பெயர், லோகநாயகி. உறவு, மனைவி. அதை எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. சித்திரையிலிருந்து மூன்று நாலு தடவை மலத்தில் ரத்தம் போயிற்று. யாரிடமும் சொல்லவில்லை. அண்ணனுக்குச் செய்ததற்கு எனக்குச் சரியாகத்தான் கிடைக்கிறது என்று நினைத்து, சும்மா இருந்துவிட்டேன். இப்போது அப்படி இருக்க முடியவில்லை. பயமாக இருக்கிறது. உன் கூட இன்னும் கொஞ்ச காலம் இருக்க வேண்டும் போலிருக்கிறது.

உடன் வருபவர் வெளியேதான் உட்கார வேண்டும் என்று படிவத்தில் போட்டிருக்கிறது. டாக்டரிடம் கேள். பதினாறாம் நாள் உன்னைக் குத்திய அதே வாயால் கேட்கிறேன். நீ உள்ளே இரு. நீ பார்த்துக்கிட்டு நில்லு.

பால்ராஜ்

*

பூந்தமல்லி, ஆஸ்பத்திரி
18 செப்டம்பர் 2025

என்னங்க,

நீங்கள் கட்டிலில் வாயைத் திறந்து தூங்குகிறீர்கள். மயக்கம் தெளிய இன்னும் அரைமணி ஆகும் என்றார்கள். பக்கத்தில் நாற்காலி போட்டு, உங்கள் ரிப்போர்ட் கவரின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற ஆளுக்கு யாராவது கடிதம் எழுதுவார்களா என்று கேட்பீர்கள். நேரில் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு அழுகை முந்திக்கொள்ளும். நாலு நாளாக நாம் பேசியதெல்லாம் "தண்ணி குடிச்சீங்களா", "குடிச்சேன்", இவ்வளவுதான். நேற்று ராத்திரி இரண்டாவது லிட்டரைக் குடித்துவிட்டு, காலி ஜாடியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினீர்கள். ஒரு சொட்டு விழுந்தது. அதையும் விரலால் தொட்டு நக்கினீர்கள். நான் சிரித்துவிட்டு உள்ளே போய் அழுதேன்.

டாக்டர் என்னை உள்ளே விட்டார், ஆனால் நர்ஸாக இல்லை. அந்த வேலைக்கு அகல்யா நின்றாள். எனக்குச் சுவரோரமாக ஒரு ஸ்டூல், திரைக்கு நேராக. பத்தொன்பது வருஷத்தில் அந்த ரூமில் நான் உட்கார்ந்து பார்த்ததே இல்லை.

குடல் கண்ணாடி மாதிரி இருந்தது. இவ்வளவு சுத்தமாக வந்தவர்களைக் விரல் விட்டு எண்ணலாம் என்று டாக்டர் சொன்னார். எனக்கு யாரோ பாராட்டுப் பத்திரம் கொடுத்த மாதிரி இருந்தது.

மெஷின் இரண்டு தடவை டிங் என்றது. முதலில் ஒரு நீர்க்குமிழி. அடுத்தது வெறும் மடிப்பு. இரண்டு தடவையும் எனக்கு உயிர் போய் வந்தது. அப்புறம் வலது பக்கம் வந்தது. டாக்டர் மெதுவாக இழுத்துக்கொண்டே வந்தார். பெட்டி சும்மா இருந்தது. ஒரு மடிப்பைத் தாண்டும்போது, அதன் பின்னால் சுவர் கொஞ்சம் வெளிறி, ரத்தக்குழாய்க் கோடு ஓர் இடத்தில் அறுந்து தெரிந்த மாதிரி இருந்தது. அரை நொடிதான். கேமரா தாண்டிவிட்டது.

மூன்று வருஷம் முன்னால் விழுங்கிய வார்த்தை தொண்டையில் அப்படியே இருந்தது போல. "டாக்டர், கொஞ்சம் பின்னாடி போங்க. அந்த மடிப்புக்கு அந்தப் பக்கம்" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, உடனே குழாயை உள்ளே தள்ளி மடிப்பை அழுத்தினார்.

டிங்.

பச்சைக் கட்டம் அசையாமல் நின்றது. உள்ளே தட்டையாக, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒன்று. டாக்டர் அடியில் மருந்து செலுத்தி, கம்பி வளையம் மாட்டி, முழுதாக வெட்டி எடுத்துவிட்டார். "நீங்க சொல்லலேன்னா நான் தாண்டிப் போயிருப்பேன். நான் திரும்பலேன்னா பெட்டிக்கும் தெரிஞ்சிருக்காது" என்றார். நீங்கள் பார்த்த ரத்தம் மூலத்திலிருந்து வந்ததாம். அது வேறு, இது வேறு. இது சத்தமே போடாமல் உட்கார்ந்திருந்தது.

எடுத்ததை லேபுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கேன்சர் ஆகிவிட்டதா இல்லையா என்று ஒரு வாரத்தில் தெரியும். ரிப்போர்ட்டின் கடைசி வரி உட்பட எல்லாவற்றையும் உங்களுக்குப் படித்துக் காட்டுவேன். நல்லதோ கெட்டதோ, ஒன்றையும் அப்புறம் என்று வைக்க மாட்டேன்.

கண் இமை ஆடுகிறது. இதை மடித்து உங்கள் சட்டைப் பையில் வைக்கிறேன். நீலக் கட்டம் போட்ட சட்டைதான். காலையில் நீங்களாகவே எடுத்துப் போட்டுக்கொண்டீர்கள்.

லோகு

*

வேப்பம்பட்டு ஸ்டேஷன்
27 செப்டம்பர் 2025

லோகு,

இந்தக் கடிதம் தபாலில் வராது. நானே கொண்டுவந்து கொடுப்பேன். பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று நீ லேப் ரிப்போர்ட்டை வரி வரியாகப் படித்துக் காட்டினாய். கேன்சர் இல்லை. விட்டிருந்தால் சில வருஷத்தில் ஆகியிருக்கும் வகை. மூன்று வருஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கடைசி வரியை இரண்டு தடவை படித்தாய். நான் எழுந்து பால்கனிக்குப் போனதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நான் தப்பித்துவிட்டேன் என்று தெரிந்த அந்த நிமிடம் அண்ணன் முகம்தான் வந்தது. அதனால்தான் இன்றைக்குக் காலையில் சொல்லாமல் கிளம்பி அண்ணியைப் பார்க்க வந்தேன்.

அண்ணி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். கொய்யா, மருந்து, மரத்தடி, நான் சொன்ன பொய், உன் மேல் போட்ட பழி, எல்லாம். முறம் நின்றுவிட்டது. என்னை அடித்தால்கூட நல்லது என்று தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.

"அவரு கேட்டாரா, நீங்களா குடுத்தீங்களா?" என்றார்கள்.

"அவருதான் கேட்டாரு, அண்ணி."

"உப்பு மொளகாத்தூள் வெச்சிக் குடுத்தீங்களா?"

"ஆமா."

முறத்தில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார்கள். அப்புறம், "நல்லா துன்னாரா?" என்று கேட்டார்கள்.

"நாலையும் துன்னாரு" என்றேன். அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி முறத்தை எடுத்தார்கள். "லோகுவ இட்டுகினு வாங்க ஒரு நாள். அது கையெழுத்து வாங்க வந்தப்ப ஒரு வாய் சோறுகூடத் துன்னாம போச்சி" என்றார்கள். அவ்வளவுதான்.

நாளை மறுநாள் லீவு முடிகிறது. நான் மேடக் போய்த்தான் ஆக வேண்டும். ஆவடிக்குத் திரும்ப மாற்றல் கேட்டு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். நாலு மாதமோ ஆறு மாதமோ ஆகும். அதுவரை எழுதிக்கொண்டிரு. போனிலும் பேசு. நான் வைக்க மாட்டேன்.

இதை எழுதி முடிப்பதற்குள் மூன்று வண்டி போய்விட்டது. பெஞ்சில் பக்கத்தில் இருக்கிற ஆள், "இன்னா சார், எந்த வண்டிக்கு வெயிட் பண்றீங்க?" என்று கேட்கிறார். நாலாவது வண்டி வருகிறது. இதில் ஏறிவிடுகிறேன். ஆவடியில் இறங்கி பஸ் பிடித்தால் இரண்டு மணிக்குள் வீட்டில் இருப்பேன். ரசம் வைக்காதே, நான் வந்து வைக்கிறேன். நீ பார்த்துக்கிட்டு நில்லு.

பால்ராஜ்